மின் இணைப்பு இல்லாத சோலார் வீட்டுக்கு எந்த ஃப்ரிட்ஜ்?

கேள்வி: எங்கள் வீடு கரண்ட் லைன் வராத இடத்தில் இருக்கிறது. முழுக்க சோலார்தான். 330 வாட் பேனல் 4, 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரி 2 (24 வோல்ட் இணைப்பு), 2 கேவிஏ இன்வெர்ட்டர் இருக்கின்றன. பிஎல்டிசி ஃபேன் 2, எல்இடி விளக்கு 6, ஒரு டிவி ஓடுகின்றன. அப்பா இன்சுலின் போட்டுக்கொள்கிறார், அதனால் ஃப்ரிட்ஜ் வாங்குவதை இனி தள்ளிப்போட முடியாது. சோலார் வீட்டுக்கு 12 வோல்ட் டிசி ஃப்ரிட்ஜ்தான் சரி என்கிறார் நண்பர். 'சோலாரில் ஓடும்' என்று ஸ்டிக்கர் ஒட்டிய டபுள் டோர் மாடலைக் காட்டுகிறார் கடைக்காரர். இன்னும் இரண்டு பேட்டரி சேர்த்தால் எந்த ஃப்ரிட்ஜும் ஓடும் என்கிறார் எலக்ட்ரீஷியன். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: உங்கள் வீட்டுக்கு 180 முதல் 200 லிட்டர் வரையுள்ள, ஒற்றைக் கதவு, டைரக்ட் கூல் வகை (உள்ளே ஃபேன் இல்லாமல் குளிர் தானாகப் பரவுவது), இன்வெர்ட்டர் கம்ப்ரசர் (தேவைக்கேற்ப வேகம் மாறும் கம்ப்ரசர்) ஃப்ரிட்ஜ் போதும். பேட்டரி சேர்க்க வேண்டாம். டிசி ஃப்ரிட்ஜ் நல்ல பொருள்தான், ஆனால் உங்கள் வீட்டில் அதனால் பெரிய லாபம் இல்லை. டபுள் டோர் வேண்டவே வேண்டாம். மூவரும் சொன்னதில் கொஞ்சம் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் ஒருவரும் உங்கள் பேட்டரி ஓர் இரவை எப்படிக் கடக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

அந்தக் கணக்கை இப்போது போடுவோம். உங்கள் பேட்டரி இரண்டும் சேர்ந்து 24 × 150 = 3600 வாட்-அவர் (1000 வாட்-அவர் ஒரு யூனிட்). டியூபுலர் போன்ற லெட் ஆசிட் பேட்டரியை தினமும் பாதிக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும், ஆகவே கையில் இருப்பது 1800. மாலை 5 மணி முதல் காலை 8 மணி வரை, அதாவது 15 மணி நேரம், பேனலிலிருந்து உருப்படியாக எதுவும் வராது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் ஃபேன், விளக்கு, டிவி எல்லாம் சேர்ந்து சுமார் 900 வாட்-அவர் எடுக்கும். இன்வெர்ட்டரில் ஏறத்தாழ 10 சதவீதம் வீணாகும், ஆக பேட்டரியிலிருந்து போவது 1000.

இதோடு முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் எதையும் ஓட்டாமல் சும்மா ஆன் செய்து வைத்திருந்தாலே இன்வெர்ட்டர் கரண்ட் எடுக்கும். 2 கேவிஏ அளவுள்ளதற்கு 20 முதல் 40 வாட் வரை சாதாரணம். 25 வாட் என்றே வைத்தாலும் 15 மணி நேரத்துக்கு 375, முழு நாளைக்கு 600 வாட்-அவர். ஒரு சிறிய ஃப்ரிட்ஜ் நாள் முழுக்க எடுப்பதும் ஏறக்குறைய இவ்வளவுதான். உங்கள் இன்வெர்ட்டர் எவ்வளவு எடுக்கிறது என்பதை ஃப்ரிட்ஜ் வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். இரவில் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, பேட்டரி ஒயரில் டிசி கிளாம்ப் மீட்டரை மாட்டுங்கள். 1 ஆம்பியர் காட்டினால் 25 வாட். 2 ஆம்பியருக்கு மேல் காட்டினால் முதலில் இன்வெர்ட்டரை மாற்றுவதுதான் லாபம்.

ஆக 1800-இல் 1375 போய்விட்டது. மிச்சம் 425. இந்த 425-க்குள் ஃப்ரிட்ஜின் இரவுச் செலவு அடங்க வேண்டும்.

ஃப்ரிட்ஜின் செலவை லேபிளிலிருந்து எடுங்கள், பின்புறம் ஒட்டியிருக்கும் வாட் எண்ணிலிருந்து எடுக்காதீர்கள். அந்த வாட் எண் அதிகபட்ச இழுப்பு. பனியைத் தானே உருக்கும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ மாடல்களில் ஹீட்டரின் வாட்டும் பெரும்பாலும் அதில் சேர்ந்திருக்கும். நமக்கு வேண்டியது 'ஆண்டுக்கு இத்தனை யூனிட்' என்ற எண். அதை 365-ஆல் வகுத்து, 1.3-ஆல் பெருக்குங்கள். ஏன் பெருக்க வேண்டும்? லேபிள் எண் சோதனைக்கூடத்தில், பெரும்பாலும் கதவையே திறக்காமல் எடுத்தது. வீட்டு அறையின் வெப்பம் அப்படி இருக்காது. உள்ளே 5 டிகிரி, அறை 25 டிகிரி என்றால் வித்தியாசம் 20. அறை 35 ஆனால் வித்தியாசம் 30. சுவர் வழியாக உள்ளே நுழையும் வெப்பம் அப்படியே ஒன்றரை மடங்காகிவிடும். போதாததற்கு, வெளியே சூடு கூடக்கூட கம்ப்ரசரின் திறனும் குறையும்.

ஆண்டுக்கு 180 யூனிட் என்று போட்ட டைரக்ட் கூல் மாடலை எடுத்துக்கொள்வோம். நாளைக்கு 0.49, நம் கணக்கில் 0.64 யூனிட், அதாவது 640 வாட்-அவர். இரவு நீளமானாலும் அறை குளிர்ந்திருக்கும், கதவும் திறக்காது. அதனால் பாதி, 320. இன்வெர்ட்டர் இழப்போடு 355. மிச்சமிருக்கும் 425-க்குள் அடங்குகிறது. கடைக்காரர் காட்டிய டபுள் டோர் ஆண்டுக்கு 260 யூனிட் என்று வையுங்கள். இதே வழியில் போட்டால் இரவுக்கு 515 வருகிறது, அடங்கவில்லை. அது தினமும் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். முதல் வருடம் எதுவும் தெரியாது. பிறகு ஒரு நாள் விடியற்காலையில் ஃபேன் நிற்கும்போதுதான் தெரியும்.

பகல் பக்கத்தையும் பார்த்துவிடலாம். பேனல் 1320 வாட், நல்ல வெயில் 4 மணி நேரம். சூடு, தூசி, ஒயர், பேட்டரி சார்ஜிங் எல்லா இழப்புக்கும் சேர்த்து 0.65-ஆல் பெருக்கினால் நாளைக்கு 3430 வாட்-அவர். ஃப்ரிட்ஜையும் இன்வெர்ட்டரின் சும்மா ஓட்டத்தையும் சேர்த்து உங்கள் முழு நாள் தேவை சுமார் 2600. பேனலில் தாராளமாக இடம் இருக்கிறது, பேட்டரியில்தான் இல்லை. 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரிக்குள் 30 ஆம்பியருக்கு மேல் சார்ஜ் கரண்டைத் தள்ளக் கூடாது. (பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் சார்ஜ் கன்ட்ரோலரில் அந்த வரம்பு வைத்திருக்கிறதா என்று பாருங்கள்.) பேட்டரி நிறைந்த பிறகு மதியம் பேனலில் வரக்கூடியதில் பெரும்பகுதி யாருக்கும் பயன்படாமல் போகிறது.

இதனால்தான் டைரக்ட் கூல் வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன். மதியம் வீணாகும் கரண்டை அதில் குளிராக மாற்றிச் சேர்த்துவைக்கலாம். தடுப்பூசி வைப்பதற்கு உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்திருக்கும் சோலார் நேரடி ஃப்ரிட்ஜ்கள் இதே முறையில் வேலை செய்பவைதான். அவற்றில் கம்ப்ரசரை ஓட்ட பேட்டரியே கிடையாது. பகலில் உள்ளே ஒரு பனிக்கட்டி உறை உருவாகும், இரவில் அதுவே குளிரைத் தாங்கும். வீட்டு ஃப்ரிட்ஜ் அந்த அளவுக்கு வராது, ஆனால் பாதி வழி வரும்.

ஒரு லிட்டர் தண்ணீர் 0 டிகிரியில் உறையும்போது 93 வாட்-அவர் வெப்பத்தை விட வேண்டும். உருகும்போது அதே அளவை உறிஞ்சும். மேலே சொன்ன 320 வாட்-அவர் கரண்டில் கம்ப்ரசர் இரவில் வெளியேற்றும் வெப்பம், ஒன்றரை மடங்கு என்று கொண்டால், 480. ஃப்ரீசரில் மூன்று ஒரு லிட்டர் பாட்டில் பனிக்கட்டி இருந்தால் 280 கிடைக்கிறது, பாதிக்கும் மேல். ஆகவே இரவு 11 முதல் காலை 6 வரை ஃப்ரிட்ஜை டைமர் வைத்து நிறுத்திவிடலாம். அந்த 7 மணி நேரத்தில் மட்டும் பேட்டரிக்கு 160 வாட்-அவர் மிச்சம். பாட்டிலில் பத்தில் ஒரு பங்கு காலியாக விடுங்கள், தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் பருக்கும். மூன்றையும் முதல் நாளே வைத்துவிடாதீர்கள். சிறிய ஃப்ரீசரால் ஒரே நாளில் அவ்வளவையும் உறையவைக்க முடியாது, கம்ப்ரசர் இரவெல்லாம் ஓடும். நாளைக்கு ஒன்றாக, காலை 10 மணிக்கு மேல் வையுங்கள். பிறகு எடுக்கவே வேண்டாம், தினமும் கொஞ்சம் உருகி மறுபடி உறைந்துகொண்டிருக்கும்.

இது ஒற்றைக் கதவு டைரக்ட் கூலில் மட்டும்தான் பலிக்கும். அதில் ஃப்ரீசர் மேலே இருக்கிறது, குளிர்ந்த காற்று தானாகவே கீழே இறங்குகிறது. கரண்ட் இல்லாவிட்டாலும் இறங்கும். டபுள் டோர் பெரும்பாலும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகை. அதில் ஃப்ரீசர் குளிரைக் கீழ் அறைக்குக் கொண்டுபோவது ஒரு சிறிய ஃபேன். கரண்டை நிறுத்தினால் ஃபேனும் நிற்கும். மேலே பாட்டில்கள் கல்லாக உறைந்திருக்க, கீழ் அறை சூடேறிக்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு அதில் பனி உருக்க ஒரு ஹீட்டர் இருக்கிறது. 150 முதல் 200 வாட் ஹீட்டர், ஒரு தடவைக்கு சுமார் 20 நிமிடம், நாளைக்கு ஓரிரு முறை. எப்போது எரிய வேண்டும் என்பதை ஃப்ரிட்ஜின் போர்டு முடிவு செய்யும், நடு இரவானாலும் அதற்குக் கவலை இல்லை. 'சோலாரில் ஓடும்' என்ற ஸ்டிக்கர் பொய் இல்லை. ஸ்டார்ட் ஆகும்போது கரண்டை அதிகம் இழுக்காது என்பதற்குத்தான் அந்த ஸ்டிக்கர். ஒரு நாளைக்கு எத்தனை வாட்-அவர் எடுக்கும் என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

டைரக்ட் கூலில் உங்களுக்கு ஒரு வேலை உண்டு: பனியை நீங்களே உருக்க வேண்டும். ஃப்ரீசர் தகட்டில் அரை சென்டிமீட்டர் பனி படிந்தாலே அது போர்வை மாதிரி வேலை செய்து குளிரைத் தடுக்கும், கம்ப்ரசர் கூடுதல் நேரம் ஓடும். நல்ல வெயில் நாளில், காலையில் உருக்குங்கள், மதியத்துக்குள் மறுபடி குளிர்ந்துவிடும். கத்தியாலோ கரண்டியாலோ பனியைச் சுரண்டாதீர்கள். தகட்டில் ஒரு துளை விழுந்தால் கேஸ் வெளியேறிவிடும், அதோடு அந்த ஃப்ரிட்ஜ் போனது மாதிரிதான்.

இன்வெர்ட்டர் கம்ப்ரசர் ஏன் என்றால், சாதாரண ஒரே வேகக் கம்ப்ரசர் ஓடும்போது 100 வாட் எடுத்தாலும் ஸ்டார்ட் ஆகும் ஒரு கணத்தில் 5 முதல் 8 மடங்கு இழுக்கும். உங்கள் 2 கேவிஏ இன்வெர்ட்டர் அதைத் தாங்கும். ஆனால் விடியற்காலை பேட்டரி இறங்கியிருக்கும்போது அந்த இழுப்பில் வோல்டேஜ் சரிந்து இன்வெர்ட்டர் கட் ஆகும். வேகம் மாறும் கம்ப்ரசர் மெதுவாகத் தொடங்கி 30, 40 வாட்டிலேயே நீண்ட நேரம் ஓடும், இந்தத் தொல்லை இல்லை. ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்: உங்கள் இன்வெர்ட்டர் பியூர் சைன் வேவ்தானா (லைன் கரண்ட் போல வழவழப்பான அலையைத் தருவதா)? ஸ்கொயர் வேவ், மாடிஃபைடு சைன் வகை என்றால் மோட்டார் சூடாகும், கரண்டும் கூட எடுக்கும், ஃப்ரிட்ஜின் எலக்ட்ரானிக் போர்டும் சீக்கிரம் போகும். இன்வெர்ட்டரில் லோடு இல்லாதபோது உறங்கும் மோடு இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். ஃப்ரிட்ஜ் போர்டு எடுக்கும் ஒன்றிரண்டு வாட்டை அது லோடாகவே கருதாது. ஃப்ரிட்ஜ் கேட்கும்போது கரண்ட் இருக்காது.

நண்பர் சொன்ன டிசி ஃப்ரிட்ஜுக்கு வருகிறேன். அதன் உண்மையான பலம், இன்வெர்ட்டர் இல்லாமலே ஓடுவது. ஃபேன், விளக்கு எல்லாமே டிசியில் இருந்து, இரவில் இன்வெர்ட்டரையே அணைத்துவிடும் வீட்டில் தயங்காமல் டிசி ஃப்ரிட்ஜ்தான் வாங்கச் சொல்வேன், ஓர் இரவுக்கு 375 வாட்-அவர் மிச்சமாகும். உங்கள் வீட்டில் ஃபேனுக்காக இன்வெர்ட்டர் இரவெல்லாம் எப்படியும் ஓடுகிறது. ஆகவே லாபம் அந்த 10 சதவீதம் மட்டுமே. போர்டு பழுதானால் உதிரி பாகம் உடனே கிடைக்குமா என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம், இன்சுலின் இருக்கும் வீட்டில் அது சின்ன விஷயம் இல்லை.

அப்படியும் டிசி எடுப்பதென்றால் 24 வோல்ட்டிலும் ஓடும் மாடலாக எடுங்கள். 12 வோல்ட் மாடலை வாங்கி, தொடராக இணைத்த இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் ஒயர் எடுப்பவர்கள் நிறைய. அந்த ஒரு பேட்டரி தினமும் கூடுதலாக இறங்கும், சார்ஜர் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும், ஒன்று நிறையாமலும் மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஆகியும் இரண்டுமே கெடும். ஒயர் தடிமனும் முக்கியம். 60 வாட் ஃப்ரிட்ஜ் 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் எடுக்கும். பேட்டரியிலிருந்து 10 மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போட்டால், போகவும் வரவும் 20 மீட்டரில் 0.74 வோல்ட் விழும். பேட்டரியில் 12 வோல்ட் இருந்தாலும் ஃப்ரிட்ஜுக்கு 11.3-தான் போய்ச் சேரும், ஸ்டார்ட் ஆகும்போது இன்னும் கீழே. பேட்டரி காலி என்று நினைத்து ஃப்ரிட்ஜ் தானே நின்றுவிடும். 24 வோல்ட்டில் அதே ஒயரில் 0.37 வோல்ட்தான் விழும். ஃப்யூஸ் பேட்டரி முனைக்கு அருகிலேயே இருக்க வேண்டும், ஃப்ரிட்ஜ் பக்கம் வைப்பது பாதுகாப்பு ஆகாது.

கேஸில் ஓடும் அப்சார்ப்ஷன் ஃப்ரிட்ஜை சோலார் கரண்டில் ஓட்ட நினைக்காதீர்கள், ஹீட்டரைச் சூடாக்கித்தான் அது குளிரவைக்கும், கரண்டை நிறையத் தின்னும். காரில் வைக்கும் பெல்டியர் குளிர்பெட்டியும் அப்படித்தான்: கையளவு பெட்டிக்கு 50 வாட் இடைவிடாமல் போனால் நாளைக்கு 1.2 யூனிட்.

செஸ்ட் ஃப்ரீசருக்கு வெளியே ஒரு தெர்மோஸ்டாட் மாட்டி ஃப்ரிட்ஜாக மாற்றும் முறையையும் யாராவது சொல்லக்கூடும். கரண்ட் மிச்சம் என்பது உண்மை. மூடி மேல்பக்கம் இருப்பதால் திறந்தாலும் குளிர் கொட்டிவிடாது, சுவர் இன்சுலேஷனும் தடிமன். ஆனால் அடியில் தண்ணீர் தேங்கும், சுவரை ஒட்டிய இடம் 0 டிகிரிக்குக் கீழே போகும். இன்சுலின் வைக்கும் வீட்டுக்கு இது வேண்டாம்.

இன்சுலினைப் பற்றிச் சில வார்த்தை கூடுதலாகவே சொல்ல வேண்டும். பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஒரு முறை உறைந்துவிட்டால் உருகிய பிறகு பார்க்க நன்றாக இருந்தாலும் பயன்படுத்தக் கூடாது. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஃப்ரீசருக்கு நேர் கீழே உள்ள தட்டும், பின் சுவரை ஒட்டிய இடமும் உறையும் இடங்கள். நடுத்தட்டின் முன்பக்கம், மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். பக்கத்திலேயே குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டையும் பதிவு செய்யும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று இருக்கட்டும். இன்சுலினை வைப்பதற்கு முன் ஒரு வாரம், இரவு டைமர் நிறுத்தத்தோடு, அந்த இரண்டு எண்ணையும் தினமும் காலையில் பாருங்கள். 8-ஐத் தாண்டினால் நிறுத்தும் நேரத்தை 7 மணியிலிருந்து 5 ஆகக் குறையுங்கள். 2-க்குக் கீழே போனால் ஃப்ரிட்ஜ் குமிழை ஒரு எண் குறையுங்கள்.

டைமர் என்றதும் ஒரு எச்சரிக்கை. வாங்கும்போதே, கரண்ட் போய் வந்தால் பழைய செட்டிங்கிலேயே ஃப்ரிட்ஜ் தானாகத் தொடங்குமா என்று கேளுங்கள். சுற்றுக் குமிழ் உள்ள மாடலில் பிரச்சினை இல்லை. சில டச் பட்டன் மாடல்கள் ஆரம்ப நிலைக்குப் போய்விடும். நிறுத்திய பிறகு 5 நிமிடத்துக்குள் மறுபடி தொடங்கும்படியும் எதையும் அமைக்காதீர்கள். குழாய்க்குள் அழுத்தம் சமமாவதற்கு அந்த நேரம் தேவை.

இன்வெர்ட்டரின் லோ பேட்டரி கட் ஆஃப் செட்டிங்கையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 24 வோல்ட் அமைப்பில் பல இன்வெர்ட்டர்கள் 21 வோல்ட் வரை இறங்க விடும், அது பேட்டரிக்குக் கேடு. 23-க்குச் சற்று மேல் வையுங்கள். மறுபடி ஆன் ஆகும் அளவை 25.5-க்குக் குறையாமல் வையுங்கள். இரண்டுக்கும் இடைவெளி குறைவாக இருந்தால் என்ன ஆகும் தெரியுமா? கட் ஆனதும் லோடு இல்லாததால் வோல்டேஜ் தானாக ஏறும், இன்வெர்ட்டர் ஆன் ஆகும், ஃப்ரிட்ஜ் இழுக்கும், மறுபடி கட். விடியும் வரை இந்த விளையாட்டு நடந்தால் கம்ப்ரசர் தாங்காது.

எலக்ட்ரீஷியன் சொல்லும் கூடுதல் பேட்டரியை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், பழைய பேட்டரியோடு புதியதை இணையாகப் போட்டால் பழையது புதியதையும் தன் நிலைக்கு இழுத்துவிடும். இப்போதுள்ளது ஆயுள் முடியும்போது மொத்தமாக லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்கு மாறுங்கள். அதே 150 ஆம்பியர்-அவரில் 80 சதவீதம் தாராளமாகப் பயன்படுத்தலாம், சுமார் 3000 வாட்-அவர். அதுவரை, மழை மூடிய நாட்களில் முதலில் டிவியை நிறுத்துங்கள், இன்சுலின் பக்கத்துத் தெர்மாமீட்டர் 8-ஐத் தாண்டாத வரைக்கும் ஃப்ரிட்ஜைப் பெரும்பாலும் பகலிலேயே ஓட்டுங்கள், புதிதாக எதையும் உறையவைக்காதீர்கள்.

கடையில் பார்க்க வேண்டிய இன்னொன்று, உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள கிளைமேட் கிளாஸ். 'டி' (T) என்றால் 43 டிகிரி வரையிலான அறைக்கு, 'எஸ்டி' (ST) என்றால் 38 வரை, 'என்' (N) என்றால் 32 வரைதான். சூடான இடத்தில் 'என்' வகை ஃப்ரிட்ஜ் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டில் பின்பக்கமும் இரு பக்கமும் 10 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். இப்போதைய மாடல்களில் பலவற்றுக்கு வெப்பம் வெளியேறுவது பக்கச் சுவர் வழியாகத்தான். மாலை வெயில் அடிக்கும் மேற்குச் சுவர் வேண்டாம், அடுப்புப் பக்கமும் வேண்டாம். இடையில் ஸ்டெபிலைசர் தேவையில்லை, இன்வெர்ட்டரே சீரான வோல்டேஜ்தான் தருகிறது.

ஃப்ரிட்ஜ் வந்ததும் பிளக்கில் செருகும் எனர்ஜி மீட்டர் ஒன்றை இடையில் போட்டு, முதல் இரண்டு நாளை விட்டுவிட்டு அடுத்த மூன்று நாள் சராசரியைப் பாருங்கள். நாளைக்கு 0.6, 0.7 யூனிட் என்றால் எல்லாம் சரி. 0.8-ஐத் தாண்டினால் முதலில் கேஸ்கெட், அதாவது கதவு ஓரத்து ரப்பர்: ஒரு தாளைக் கதவில் வைத்து மூடி இழுங்கள், தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தில் கதவு படியவில்லை, முன்கால்களைத் திருகிச் சரிசெய்யுங்கள். அடுத்து பக்கச் சுவர் இடைவெளி, அதற்கடுத்து குமிழ் தேவைக்கு மேல் இருக்கிறதா என்பது. மூன்றும் சரியாக இருந்தும் குறையவில்லையென்றால் உத்தரவாதக் காலம் முடிவதற்குள் சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டு கேஸ் அளவையும் தெர்மோஸ்டாட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.